மூன்றாம் கேள்வியில் உறைந்த கைகள்

"அண்ணி, இவங்க வீட்டு நெட்டு மெதுவா வருதுன்னுதானே நம்மளைக் கூப்பிட்டாங்க? நாம படியேறி வர்ற வேகத்தைப் பார்த்தா, நெட்டே பரவாயில்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

மூன்றாவது மாடிக்கு இன்னும் பதினாறு படி பாக்கி. ரேடியோ படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தோளில் கருவிப் பை. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர்தான் ரேடியோ. பழுதம்மாவுக்கு அவள் நாத்தனார். வீட்டில் தலைவலி, வெளியே உதவியாளர்.

பழுதம்மா திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். டெலிபோன் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் ஹெட்போனும் கையுமாக இருந்தவள். "லைன்ல கரகரன்னு சத்தம்" என்று ஒருவர் சொன்னால், கேபிளில் தண்ணீரா, எலியா, பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கும் மாமியாரா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். வேலையை விட்ட பிறகும் பழுது அவளை விடவில்லை.

"மணி என்ன?"

"ரெண்டு முப்பத்தெட்டு."

"நாலு மணிக்கு கோர்ட்டு. பேசுற மூச்சை ஏறுறதுக்கு வச்சுக்கோ."

கதவு தட்டும் முன்பே திறந்தது. நர்ஸ் உடையில் ஒரு பெண். தூங்கிப் பல நாளான கண்கள்.

"வந்துட்டீங்களா மேடம்! நான்தான் போன் பண்ணேன். உள்ளே வாங்க. அக்கா அந்த ரூம்ல இருக்கா."

ஹாலைத் தாண்டி ஒரே ஒரு அறை. அதன் கடைசிச் சுவரை ஒட்டி ஒரு மேஜை. மேஜையில் பளபளப்புப் போகாத புதுக் கம்ப்யூட்டர். மேஜைக்கு இடது பக்கம் இரும்பு பீரோ. வலது பக்க ஜன்னலடியில் தையல் மெஷின். கம்ப்யூட்டர் முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா.

"வணக்கம்" என்றாள் ரேடியோ சத்தமாக.

தையலக்கா திரும்பவில்லை.

"அவளுக்குக் காது கேக்காது" என்றாள் தங்கை. "பிறந்ததுலேர்ந்தே. கையாலதான் பேசுவா."

தங்கை மேஜையோரம் அக்காவின் கண்ணில் படும்படி நின்று விரல்களை அசைத்தாள். தையலக்கா திரும்பிப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா. நேரம் இல்லை."

"என் தம்பி தொண்ணூத்தி மூணு நாளா ஜெயில்ல இருக்கான் மேடம். எதிர்ல தெரியுதே, கரி பிடிச்ச ஜவுளி குடோன், அங்கே வாட்ச்மேன். ஒரு நாள் விடிகாலையில தீப்பிடிச்சிருச்சு. இவன்தான் வச்சான்னு கேஸ். ஆனா அக்கா இந்த ஜன்னல்லேர்ந்து எல்லாத்தையும் பார்த்தா. மேனேஜர் கையில கேனோட வெளியே வந்து, வெளிப்பக்கமா பூட்டிட்டுப் போனார். பார்த்த ஒரே ஆளு இவதான்."

"கோர்ட்டுக்கு நேர்ல போகலாமே?"

"ரெண்டு மாசம் முன்னாடி படியில விழுந்து காலு போச்சு. மூணு மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுலேர்ந்தே வீடியோவுல சாட்சி சொல்லலாம்னு உத்தரவு வாங்கினோம். அங்கே சைகை தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளர் இருக்காங்க. இவ கையைப் பார்த்து அவங்க சொல்லுவாங்க. பழைய லேப்டாப்ல படம் மங்கல், விரல் தெரியலைன்னுட்டாங்க. அதைக் கடையிலயே குடுத்துட்டு இதை வாங்கினோம். கடைக்காரரே கேபிள் இழுத்து மாட்டினார்." அவள் கம்ப்யூட்டரைக் காட்டினாள். "புதுசு வாங்கினதுலேர்ந்துதான் சனியன் பிடிச்சிருக்கு. ரெண்டு தடவை ஆச்சு. பேரு என்னன்னு கேட்டாங்க, சொன்னா. எத்தனை வருஷமா இங்கே குடியிருக்கீங்கன்னு கேட்டாங்க, சொன்னா. மூணாவதா, அன்னிக்குக் காலையில என்ன பார்த்தீங்கன்னு கேட்டதும் நின்னுடுச்சு. கை அப்படியே காத்துல நிக்குது. மறுபடி சரியாகும், ரெண்டு விரல் அசையும், மறுபடி நிக்கும்."

"நம்மளுக்குப் படம் நின்னாலும் குரலாவது வரும்" என்றாள் ரேடியோ மெதுவாக. "இவங்களுக்குப் படம்தான் குரல்."

"எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? பொய் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் அம்மாவோட நெட்டுக்கு மயக்கம் வருதுன்னு. கோர்ட்டே சிரிச்சுதாம். இன்னிக்குத்தான் கடைசி. இன்னிக்கும் நின்னா, இவ சாட்சியே வேண்டாம்னு தள்ளிடுவாங்க. இடத்தை மாத்தணும்னா புதுசா மனு போடணும். அதுக்குள்ள கேஸே முடிஞ்சுடும்."

"போன்ல பேசலாமா?"

"இந்த அறையில டவரே எடுக்காது. படிக்கட்டுக்குப் போனாத்தான்."

பழுதம்மா கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து வேகம் காட்டும் பக்கத்தைத் தட்டினாள். முள் ஏறியது. தொண்ணூற்று நான்கு.

"அடேங்கப்பா!" ரேடியோ கைதட்டினாள். "இதுல ஒரு ஆஸ்பத்திரியே நடத்தலாமே!"

தையலக்கா அந்தக் கைகளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தங்கை விளக்கினாள். "இவளுக்குக் கைதட்டுறதுன்னா, ரெண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டணும்."

"யார் வந்து பார்த்தாலும் இதே தொண்ணூத்தி நாலுதானா?" என்றாள் பழுதம்மா.

"அதான் மேடம் கொடுமை! நெட்டு கம்பெனி ஆளு வந்தார், தொண்ணூத்தி நாலு. ஆனாலும் பொட்டியை மாத்தினார். கடைக்காரர் வந்தார், தொண்ணூத்தி நாலு. ஆனாலும் கம்ப்யூட்டரையே மாத்திக் குடுத்தார். எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனாங்க. எனக்கு என்னவோ மேனேஜர் ஆளுங்கதான் கீழே வயர்ல கை வைக்கிறாங்கன்னு தோணுது."

"ரேடியோ, கீழே போய்ப் பாரு. கம்பெனி வயர் பிரியுற பெட்டி எங்கேயாவது இருக்கும்."

"இப்பத்தானே அண்ணி ஏறினேன்!"

"அதனாலதான். வழி தெரியும்."

*

ஏழு நிமிஷத்தில் ரேடியோ திரும்பி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, தலையில் ஒட்டடை.

"பெட்டி படிக்கட்டுக்கு அடியில இருக்கு. பூட்டே இல்லை. யார் வேணா திறக்கலாம்."

தங்கை பாய்ந்து எழுந்தாள். "சொன்னேன் பாத்தீங்களா?"

"இரும்மா. யார் வேணா திறக்கலாம், ஆனா யாரும் திறக்கலை. கதவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சிலந்தி பெரிய குடும்பமா இருக்கு. வலை கிழியாம அந்தக் கதவைத் திறக்கவே முடியாது. நான்தான் முதல்ல கிழிச்சேன். சிலந்தி என்னை முறைச்சுது."

"கடைசி கோர்ட்டு நாள் எப்போ?"

"நாலு நாள் முன்னாடி" என்றாள் தங்கை.

"சிலந்தி ஒரு மாசக் குடித்தனம்" என்றாள் ரேடியோ. "சுருட்டி வச்ச ஈயையெல்லாம் பார்த்தேன்."

"அப்போ வெளியிலேர்ந்து யாரும் கை வைக்கலை" என்றாள் பழுதம்மா. நம்பியிருந்த எதிரி கைநழுவிப் போனதில் தங்கை இன்னும் சோர்ந்து உட்கார்ந்தாள். மணி மூன்று ஐந்து.

"கோர்ட்டுல நின்னுபோன படம் ஏதாவது கைவசம் இருக்கா?"

"எங்க வக்கீல் அனுப்பினார். எதிர்த்தரப்பு அதை அச்சடிச்சே கோர்ட்டுல குடுத்துச்சாம்."

தங்கையின் போனில் இரண்டு படங்கள். இரண்டிலும் தையலக்கா. முதலாவதில் வலது கை முகவாய்க்கு அருகில் நின்றிருந்தது. இரண்டாவதில் இரண்டு கைகளும் அந்தரத்தில், எதையோ ஏந்திக்கொள்வதுபோல. முதுகுக்குப் பின்னால் மூடிய கதவு. கழுத்தின் இடது பக்கம், கத்தி அளவுக்கு ஒரு வெளிச்சக் கீற்று.

"சினிமாக் கதாநாயகி மாதிரி லைட்டெல்லாம் போட்டிருக்காங்களே" என்றாள் ரேடியோ.

பழுதம்மா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அறையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். கீபோர்டுக்கு இடது பக்கம் தையல்காரர்கள் வைத்திருக்கும் நீள மர அளவுகோல் கிடந்தது. நுனியில் பித்தளைப் பூண்.

"தைக்கிற மெஷின் அந்தப் பக்கம். ஸ்கேல் இந்தப் பக்கம் எதுக்கு?"

தங்கை தோளைக் குலுக்கினாள். "எங்கேயாவது வச்சிருப்பா. எட்டாததை இழுக்கறதுக்கு."

"கதவுக்கு ஏன் முதுகைக் காட்டி உக்காந்திருக்காங்க?"

"கோர்ட்டு சொன்னது. யாரும் உள்ளே வந்து சொல்லிக்குடுக்கக் கூடாதாம். அதனால மூடின கதவு படத்துல தெரியணும். முதல்ல அறை முழுக்க சுத்திக் காட்டச் சொல்லுவாங்க. பீரோ, அலமாரி எல்லாம் மூடியிருக்கணும். அப்புறம் நாங்க வெளியே போகணும். கதவைச் சாத்தணும். அதுக்கப்புறம்தான் கேள்வி."

"அப்போ நெட்டு நிக்கும்போது உள்ளே இருக்கறது உங்க அக்கா மட்டும்."

"ஆமா."

"நெட்டு நல்லா இருக்கும்போது உள்ளே இருக்கறது ஊரு பூரா."



*

மூன்று பரிசோதனை என்றாள் பழுதம்மா. புதுக் கம்ப்யூட்டரிலிருந்து ரேடியோவின் போனுக்கு வீடியோ அழைப்பு. ரேடியோ படிக்கட்டில் நின்று படத்தைப் பார்க்க வேண்டும். பழுதம்மா ஹாலில், சுவரில் ஆணியில் தொங்கிய நெட்டுப் பெட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பெட்டியில், அறைக்குப் போகும் கேபிள் செருகிய இடத்தில் ஒரு பொட்டு விளக்கு. பச்சை.

"பச்சைன்னா முழு வேகம். ஆரஞ்சு ஆச்சுன்னா கேபிள் இழுத்துக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம்."

முதல் பரிசோதனை. தங்கை அக்காவின் கண்ணில் படும்படி மேஜையோரம் நின்றாள். அன்று விடிகாலையில் நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னாள். கைகள் பறந்தன. மூன்று நிமிஷம். பச்சை.

"கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணி!" என்று படிக்கட்டிலிருந்து குரல்.

இரண்டாவது. எல்லோரும் வெளியே. கதவு சாத்தப்பட்டது. தையலக்கா தனியாக. ஒரு சட்டைக்கு எப்படி அளவெடுப்பது என்று சொல்ல வேண்டும். மூன்று நிமிஷம். பச்சை.

"தோள் அளவு, கை அளவு, காலர். எனக்கே தைக்க வந்துடும்போல."

மூன்றாவது. தனியாக. அன்று விடிகாலையில் நடந்தது.

ஒரு நிமிஷம் பச்சை.

பழுதம்மா இமைக்கவில்லை. பொட்டு விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது ஆரஞ்சு.

"அண்ணீ! நின்னுபோச்சு! கையை நீட்டினபடி நிக்கிறாங்க!"

தங்கை அலறிக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தாள். பழுதம்மா அவள் பின்னால் ஓடவில்லை. விளக்கையே பார்த்திருந்தாள். கதவு அசைந்த நொடியே விளக்கு அணைந்து, மூன்றாம் நொடி மறுபடி பச்சையாக எரிந்தது.

ரேடியோ மூச்சிரைக்க வந்தாள். "என்ன அண்ணி இது? தனியா இருந்தாலும் ஓடுது. இந்தக் கதையைச் சொன்னாலும் ஓடுது. தனியா இருந்து இந்தக் கதையைச் சொன்னா மட்டும் நிக்குது. நெட்டுக்குக் கதை புரியுதா?"

"படத்தைக் காட்டு."

போனில் உறைந்துபோன படம். கழுத்தின் இடது பக்கம் அதே வெளிச்சக் கீற்று.

"முதல் ரெண்டு தடவை இந்த வெளிச்சம் இருந்துச்சா?"

ரேடியோ யோசித்தாள். "இல்லை."

பழுதம்மா அறைக்குள் போனாள். தையலக்கா அழுதுகொண்டிருந்தாள்; தங்கை அவள் தோளைப் பிடித்திருந்தாள். பீரோ மூடியிருந்தது. மேஜையில் அளவுகோல். சற்று முன் பித்தளைப் பூண் வலது பக்கம் இருந்தது. இப்போது இடது பக்கம்.

மணி மூன்று இருபத்தொன்பது.

"அம்மா" என்றாள் பழுதம்மா தங்கையிடம். "நெட்டை நிறுத்துற ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"உங்க அக்கா."

அக்காவின் தோளைப் பிடித்திருந்த கை விலகியது. பிறகு தங்கை வெடித்தாள்.

"அந்த வக்கீல் சொன்னதையே நீங்களும் சொல்றீங்களா? எங்க தம்பி உள்ளே கிடக்கான்! ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வந்து இவளை உக்கார வைக்கிறேன்! வெளியே போங்க. ரெண்டு பேரும் வெளியே போங்க!"

"ரேடியோ, ஹாலுக்குப் போ. விளக்கு நிறத்தைக் கத்திச் சொல்லு."

"கத்தறதுக்கு என்னை யாரும் சொல்லவே வேண்டாம்."

பழுதம்மா மேஜையிலிருந்த அளவுகோலை எடுத்தாள். தையலக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே, காமிராவில் படாதபடி தாழ்வாகக் கையை நீட்டி, பித்தளை நுனியைப் பீரோவின் கைப்பிடியில் மாட்டி இழுத்தாள். கனமான இரும்புக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. கீலுக்கு நன்றாக எண்ணெய் போட்டிருந்தார்கள். கதவின் உள்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். வலது ஜன்னல் வழியே வந்த வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தையலக்காவின் கழுத்தில் கத்திபோல விழுந்தது.

"ஆரஞ்சு!" என்று ஹாலிலிருந்து அலறல். "அண்ணி, ஆரஞ்சு!"

பழுதம்மா கதவை மூடினாள்.

"பச்சை!"

"கடைக்காரர் கேபிளை எப்படிக் கொண்டுவந்திருக்கார் பாருங்க." பீரோவின் ஓரத்தில் குனிந்து காட்டினாள். "கூரையிலேர்ந்து இறக்கி, இந்தக் கீல் இடுக்கு வழியா மேஜைக்கு. கதவு மூடியிருந்தா கேபிள் சும்மா கிடக்கும். முழுசாத் திறந்தா கீல் கடிக்கும். உள்ளே ரெண்டு கம்பி ஏற்கெனவே அறுந்துபோச்சு. சும்மா இருந்தா அறுந்த முனைங்க ஒட்டிக்கும், கடிச்சா விலகும். சோதிக்க வந்தவங்க யாரும் பீரோவைத் திறக்கலை. தொண்ணூத்தி நாலு ஓடுற கேபிளை யாரு மாத்துவா?"

தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவைப் பார்த்துக் கைகளை வீசினாள். அதில் கேள்வியும் கோபமும் சேர்ந்திருந்தன. ஏன்?

தையலக்கா கண்ணைத் துடைத்தாள். பிறகு கைகள் அசையத் தொடங்கின. தங்கை தடுமாறித் தடுமாறிச் சொன்னாள்.

"கதவு என் முதுகுக்குப் பின்னாடி இருக்கு... திறந்தா எனக்குக் கேக்காது. அந்த மேனேஜர் தினமும் இந்தத் தெருவுலதான் போறான். என் ஜன்னலைப் பார்த்துட்டுப் போறான். பேரு கேட்டா பயமில்லை. அவனைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா... பின்னாடி வந்து நிக்கிற மாதிரியே இருக்கு. கை ஓடலை. கண்ணாடியில கதவைப் பார்த்துக்கிட்டாத்தான் சொல்ல முடியுது."

"ஸ்கிரீன்லயே தெரியுமே?" என்று வாசலிலிருந்து ரேடியோ.

"மொழிபெயர்ப்பாளர் படம்தான் பெருசா இருக்கும். என் படம் நகம் அளவு." தங்கை அக்காவின் விரல்களைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "பீரோ மூடியிருக்கணும்னு கோர்ட்டுல சொன்னாங்க. திறந்தது தெரிஞ்சா சாட்சியே செல்லாதுன்னுடுவாங்கன்னு... நீங்க உள்ளே வர்றதைக் கண்ணாடியில பார்த்ததும் மூடிடுவேன். அதனாலதான் நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி!"

தையலக்காவின் விரல்கள் சின்னதாக அசைந்தன.

"என்ன சொல்றாங்க?" என்றாள் ரேடியோ.

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "உன்கிட்ட சொன்னா நீ பீரோவுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருப்பேங்கிறா."

*

மூன்று நாற்பத்தொன்று.

பழுதம்மா கடிபட்ட கேபிளை உருவி எறிந்தாள். பையில் இருந்த புதுக் கேபிளை நீட்டிப் பார்த்தாள். ஹால் ஆணியிலிருந்து மேஜை வரை போதவில்லை. இரண்டு முழம் குறைந்தது.

தங்கை தலையில் கைவைத்தாள். "கடைக்கு ஓடட்டுமா?"

"போய் வர்றதுக்குள்ள நாலு தாண்டிடும். கேபிள் மேஜைகிட்ட போகலைன்னா பொட்டி கேபிள்கிட்ட வரட்டும். ரேடியோ, அதைக் கழட்டு."

நெட்டுப் பெட்டிக்கு வரும் வெளிவயர் ஆணிக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தது. அதை அவிழ்த்ததும் பெட்டி அறைவாசல் வரை தரையில் வந்தது. ரேடியோ குப்புறப் படுத்துக் கதவடி இடுக்கில் கேபிளைத் தள்ளினாள். உள்ளேயிருந்து பழுதம்மா இழுத்தாள். பீரோ பக்கமே போகாமல் வலது சுவரோரமாகக் கொண்டுபோய்ச் செருகினாள். பெட்டி உயிர் பெற எடுத்துக்கொண்ட இரண்டு நிமிஷத்தில் மூவரும் மூச்சே விடவில்லை.

பச்சை. பீரோவை முழுக்கத் திறந்து, மறுபடி மூடினார்கள். பச்சை.

மூன்று ஐம்பத்து மூன்று. படிக்கட்டில் நின்று பழுதம்மா வக்கீலுக்குப் போன் செய்தாள்.

"சார், முதல் கேள்விக்கு முன்னாடியே நீதிபதிகிட்ட அனுமதி கேளுங்க. கண்ணாடிக் கதவு திறந்திருக்கணும். ஏன்னு அவங்களே சொல்லுவாங்க."

"கேக்கறேன். குடுப்பாங்கன்னு உறுதி சொல்ல முடியாது."

"குடுக்கலைன்னா?"



அறைக்குத் திரும்பிய பழுதம்மா, உருவி எறிந்த கேபிளை எடுத்துக் கடிபட்ட இடத்தை வளைத்துப் பார்த்தாள். நீல உறையில் கீலின் பல் பதிந்த தடம். உள்ளே செம்பு மின்னியது. அதைத் தையலக்காவின் மடியில் வைத்தாள்.

கதவு சாத்தப்பட்டது.

*

மூன்று பெண்கள் ஹால் தரையில், ஒரு பெட்டியைச் சுற்றி. அதில் ஒரு பொட்டு விளக்கு.

உள்ளே சத்தமே இல்லை. தையலக்கா பேசுகிறாளா, பயந்து நிற்கிறாளா, கண்ணாடிக்கு அனுமதி கிடைத்ததா இல்லையா, எதுவும் தெரியாது. திறந்து பார்த்தால் எல்லாம் கெடும். விளக்கு துடித்துக்கொண்டிருந்தது; அப்படியென்றால் படம் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுக்குச் செய்தி.

நாலு மூன்று. நாலு ஐந்து.

"இப்போ ரெண்டாவது கேள்வி இருக்கும்" என்று தங்கை உதட்டை மட்டும் அசைத்தாள்.

நாலு ஏழு. ரேடியோ ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. பழுதம்மாவுக்கு அதுவே பயமாக இருந்தது.

நாலு ஒன்பது. படிக்கட்டில் காலடிச் சத்தம்.

கனமான கால். ஆண் கால். ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. இரண்டாவது மாடியில் நிற்கவில்லை. தங்கை எழுந்து அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். இரண்டு கைகளையும் விரித்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ மூலையில் கிடந்த, தையலக்காவின் இரண்டாவது ஊன்றுகோலை எடுத்தாள்.

வாசல் கதவு தள்ளப்பட்டது. கையில் பையுடன் ஒரு ஆள்.

"நெட்டு ஸ்லோன்னு மறுபடியும் கம்ப்ளைன்ட் குடுத்திருந்தீங்களே?" என்றான் கம்பெனி ஆள். தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தான். "அட, இதை யாரு கீழே வச்சது? இருங்க, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்."

சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான்.

ரேடியோ பாய்ந்தாள். ஊன்றுகோலை எறிந்துவிட்டு, இரண்டு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணா!" என்றாள் கிசுகிசுப்பாக. "உங்க கை மட்டும் அந்த சுவிட்சைத் தொட்டுச்சு, அந்தக் கையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டீங்க."

"என்னம்மா இது, வேலை பாக்க வந்தவனை..."

"உக்காருங்க. சத்தம் போடாதீங்க. உள்ளே ஒருத்தங்க பேசிக்கிட்டிருக்காங்க."

அவன் காதைத் தீட்டினான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்காது. விளக்கைப் பாருங்க."

அவனும் உட்கார்ந்தான். நான்கு பேர். ஒரு விளக்கு. நாலு பதினைந்து. நாலரை. பச்சை துடித்துக்கொண்டே இருந்தது. தங்கை கதவை விட்டு நகரவில்லை.

நாலு நாற்பத்தேழுக்குத் துடிப்பு நின்று, விளக்கு அசையாமல் எரிந்தது.

"போச்சா?" என்றாள் தங்கை.

உள்ளே ஊன்றுகோல் தரையில் தட்டும் ஓசை. கதவு திறந்தது. தையலக்கா நின்றாள். வேலை முடிந்த கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைச் சிரமப்பட்டுத் தூக்கினாள். தங்கை படித்துச் சொன்னாள். சொல்லும்போதே அழுகையும் வந்தது.

"மூணாவது கேள்வி தாண்டிட்டாளாம். மொத்தம் இருபத்தாறு கேள்வியாம். கண்ணாடிக்கு அனுமதி கேட்டதும், ஏன்னு நீதிபதி கேட்டாராம். எனக்குப் பின்னாடி கதவு திறந்தா எனக்குக் கேக்காதுன்னு சொன்னாளாம். அவர் திறந்து வச்சுக்கோங்கம்மான்னாராம்."

தங்கையின் போன் ஒலித்தது. வக்கீல். அவள் படிக்கட்டுக்கு ஓடி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எதிர்த்தரப்பு வக்கீல் கடைசியா கேட்டார், போன ரெண்டு தடவை ஏன் ஓடிப்போனீங்கன்னு. உங்க அக்கா ஒரு வார்த்தை சொல்லலை. மடியிலேர்ந்து ஒரு கேபிளை எடுத்து, அறுந்த இடத்தைக் காமிராவுக்கு நேரா பிடிச்சாங்க. நீதிபதி அவரைப் பார்த்து, வேற ஏதாவது கேக்கணுமான்னார். அவர் உக்காந்துட்டார். மேனேஜரை நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆஜராகச் சொல்லியிருக்காங்க. உங்க தம்பியோட ஜாமீன் மனுவையும் அதே நேரத்துக்கு எடுக்கறாங்க."

தங்கை படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹாலில் ரேடியோ எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து விரலையும் ஆட்டினாள். தையலக்கா அதைப் பார்த்து முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தாள்.

கம்பெனி ஆள் தயங்கித் தயங்கிப் பழுதம்மாவின் அருகில் வந்து போனை நீட்டினான்.

"மேடம், கம்ப்ளைன்ட்டை முடிச்சுடலாமா? பழுதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போடட்டும்?"

"பயம்னு போடுங்க."

அவன் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினான்.

"அப்படி ஒண்ணு இதுல இல்லையே மேடம்."

"அப்போ கேபிள்னே போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பழுதம்மா படியிறங்கினாள்.